"தானே விழுந்தார்" என்று எழுத விடாதீர்கள்: கார் மோதி அடிபட்டவருக்கு என்ன கிடைக்கும், எப்படிக் கிடைக்கும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்பவர் கடலூர் ஆல்பேட்டைக்காரர். அவருடைய அண்ணனுக்கு 34 வயது, தச்சு வேலை. தவளக்குப்பத்தில் வேலை முடித்துவிட்டு பைக்கில் வீடு திரும்பும்போது கன்னியக்கோயில் பக்கத்தில் ஒரு கார் பின்னாலிருந்து இடித்து, வலது காலில் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது. முதலில் கடலூர் அரசு ஆஸ்பத்திரி, பிறகு தனியாரில் பிளேட் வைத்தாயிற்று. இன்றோடு ஐந்து நாள். கார்க்காரர் ஐம்பதாயிரம் தருகிறேன், கேஸ் வேண்டாம் என்கிறார். போலீசில் "எங்க லிமிட் இல்லை" என்று அலைக்கழிக்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளலாமா?

வாங்காதீர்கள். அதைவிட முக்கியம், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாத முத்திரைத்தாளை நீட்டினால் அதைத் தொடவே வேண்டாம்.

நான் வக்கீல் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் 22 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். விபத்து இழப்பீட்டு மனுக்களை எம்.சி.ஓ.பி. என்று நம்பர் போட்டு அடுக்கி அடுக்கிக் கை தேய்ந்தது. அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன்: இந்த கேஸ்களில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் கோர்ட்டில் நடப்பதில்லை, விபத்து நடந்த முதல் ஏழெட்டு நாளில் யார் எந்தக் காகிதத்தில் என்ன எழுதினார்கள் என்பதில் நடந்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் ஐந்தாவது நாள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் காகிதம் ஏ.ஆர். காப்பி, அதாவது அடிபட்டவரை முதன்முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் கேஷுவல்ட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல். ஒரு கேஸ் சொல்கிறேன். லாரி இடித்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போன மருமகன், பதற்றத்தில், டாக்டர் "என்னாச்சு" என்று கேட்டதும் "வண்டியிலிருந்து விழுந்துட்டாரு சார்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய் இல்லை, இடித்தால் விழத்தானே செய்வார்கள். டாக்டர் அதை அப்படியே ஒரே வரியாக எழுதினார்: பைக்கிலிருந்து தானே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் நான்கு வருடம் இழுத்தார். லாரி நம்பர் எப்.ஐ.ஆரில் இருந்தும், பார்த்த சாட்சி இருந்தும், "முதல் வாக்குமூலத்திலேயே லாரி இல்லையே" என்பதுதான் ஒவ்வொரு வாய்தாவிலும் கேள்வி. கடைசியில் கிடைத்தது, ஆனால் பெரியவர் அதைப் பார்க்க இல்லை.

அதனால் நாளைக் காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கார் மோதியதாக இருக்கிறதா, இடம் கன்னியக்கோயில் என்று இருக்கிறதா, நேரம் சரியா. தப்பாக இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், அது நடக்காது, திருத்தினாலும் சந்தேகம்தான் வரும். அதற்குப் பதில் போலீசில் கொடுக்கும் புகாரில், "பதற்றத்தில் கூட வந்தவர் இப்படிச் சொல்லிவிட்டார், நடந்தது இது" என்று விளக்கமாக எழுதுங்கள். மது வாடை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லை என்பதே ஒரு பலம்.

இரண்டாவது எப்.ஐ.ஆர். நம்ம ஊர்த் தலைவலியே இதுதான். முள்ளோடை வரைக்கும் புதுச்சேரி, தாண்டினால் கடலூர் மாவட்டம், இடையில் பாகூர் பக்கமெல்லாம் எல்லை எப்படி வளைந்து போகிறது என்று அங்கே பிறந்தவர்களுக்கே தெரியாது. அடிபட்டது புதுச்சேரி மண்ணில், சேர்த்தது கடலூரில். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் கடலூர் போலீசுக்குப் போகும், அவர்கள் இடம் எங்களுடையது இல்லை என்பார்கள். கன்னியக்கோயில் என்றால் நீங்கள் போக வேண்டியது கிருமாம்பாக்கம் போக்குவரத்துப் போலீஸ். ஆனால் சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. எல்லை எதுவானாலும் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும், இதை ஜீரோ எப்.ஐ.ஆர். என்பார்கள். புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். "ஐந்து நாள் ஆகிவிட்டதே, இனி எடுபடுமா" என்று பயப்பட வேண்டாம். ஆளைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு யாரும் ஸ்டேஷனுக்கு ஓட மாட்டார்கள் என்பதை உச்ச நீதிமன்றமே 2011-ல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் ஒத்துக்கொண்டிருக்கிறது. தாமதத்துக்குக் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிட்டால் போதும்: ஆபரேஷன் நடந்தது, கூட யாரும் இல்லை, இரண்டு ஸ்டேஷனுக்கும் அலைந்தோம்.

பைக்கை இன்னும் மெக்கானிக்கிடம் விடவில்லை என்றால் விடாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை கொடுக்கும் வரை அது அப்படியே இருக்கட்டும். பின்பக்க மட்கார்டு நசுங்கியிருக்கிறது, பின் விளக்கு உடைந்திருக்கிறது என்று அவர் எழுதினால், பின்னாலிருந்துதான் இடித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு ஏமாற்று வேலையும் இந்த நேரத்தில்தான் நடக்கும். காரை ஓட்டியவரிடம் லைசென்ஸ் இருக்காது, பையனாக இருப்பான், அதனால் டிரைவர் என்று வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "உங்களுக்கு என்ன, பணம் வரத்தானே போகுது" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பிற்பாடு சாட்சிக் கூண்டில் உங்கள் அண்ணன்தான் மாட்டுவார்.

சரி, பணத்துக்கு வருவோம். கார்க்காரர் தன் கைக்காசை எடுத்துத் தருவதாக நினைக்காதீர்கள். கார் நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள், இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டும். விபத்து நாளில் அது உயிரோடு இருந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. அப்படி இருந்தும் ஒருவர் ஐம்பதாயிரத்தோடு ஓடி வருகிறார் என்றால் எப்.ஐ.ஆர். வேண்டாம் என்பதற்காகத்தான், அல்லது லைசென்ஸிலோ இன்சூரன்ஸிலோ ஏதோ கோளாறு. காரை வேறு யாருக்கோ விற்று ஆர்.சி. பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தாலும் கவலை இல்லை, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. லைசென்ஸ் காலாவதி என்றாலும் பெரும்பாலும் கம்பெனியை முதலில் உங்களுக்குக் கட்டச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வார்கள். இன்சூரன்ஸே இல்லை என்றால்தான் சிக்கல், அப்போது உரிமையாளரின் சொத்தைத் துரத்த வேண்டும்.

ஐம்பதாயிரம் எவ்வளவு குறைவு என்று தெரிய ஒன்று சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவுப்படி, யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம், வாகனம் சம்பந்தப்பட்ட விபத்தில் கொடுங்காயம் பட்டிருந்தால் இரண்டரை லட்சம், இறந்திருந்தால் ஐந்து லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதாவது யார் தப்பு என்று நிரூபிக்காமலே இரண்டரை லட்சம் வரும் இடத்தில் உங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் காட்டுகிறார்கள். ஆனால் நீங்கள் 164-ல் போகக் கூடாது, அதே சட்டத்தின் 166-ஆவது பிரிவில் போக வேண்டும். அதில் கார் ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், ஆனால் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டியதும் இல்லை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும் அளவுக்கு இருந்தால் போதும்.

இப்போது கணக்கு. இங்கேதான் ஆயிரக்கணக்கான பேர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். எலும்பு கூடிய பிறகு மெடிக்கல் போர்டு உங்கள் அண்ணனைப் பார்த்து ஊனச் சான்றிதழ் கொடுக்கும். 40 சதவீதம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்ம பக்கத்துத் தீர்ப்பாயங்களில் (விபத்து இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் கோர்ட்) ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கொடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. சதவீதத்துக்கு ஐயாயிரம் என்று வைத்தால் 40-க்கு இரண்டு லட்சம். பெரும்பாலானோர் அதோடு திருப்திப்பட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழி இருக்கிறது. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அந்த ஊனத்தால் அவருடைய சம்பாத்தியம் எத்தனை சதவீதம் போகிறது என்பது வேறு. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகிறது, அதே கை போன குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடரலாம். (என்னைத்தான் சொன்னார்களோ என்று அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.) உங்கள் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பலகை அறுக்கிறவர், ஏணியில் ஏறிக் கதவு நிலை மாட்டுகிறவர். முட்டிக்குக் கீழே கால் சரியாக மடங்கவில்லை என்றால் பாதி வேலைக்கு அவர் இல்லை. கோர்ட் இதைக் கால்வாசி சம்பாத்திய இழப்பு என்று எடுத்துக்கொண்டாலே கணக்கு எங்கே போகிறது பாருங்கள். மாத வருமானம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு எதிர்கால வருமான உயர்வு என்று 40 சதவீதம் கூட்ட வேண்டும். அது 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வந்தது, காயம்பட்டவர்களுக்கும் பொருந்தும் என்று 2020-ல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தெளிவாக்கினார்கள். ஆக 25,200. வருடத்துக்கு 3,02,400. வயது 31 முதல் 35 என்றால் பெருக்க வேண்டிய எண் 16. இது 2009-ல் சர்ளா வர்மா வழக்கில் போட்ட அட்டவணை. பெருக்கினால் 48,38,400. அதில் கால்வாசி 12,09,600. அந்தப் பக்கம் இரண்டு லட்சம், இந்தப் பக்கம் பன்னிரண்டு லட்சம், கால் அதே கால்தான்.

இந்தப் பன்னிரண்டு லட்சம் தானாக வராது. அவர் தச்சர் என்பதற்கும் 18,000 சம்பாதித்தார் என்பதற்கும் காகிதம் வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? கூலி ஜிபேயில் வந்திருந்தால் ஒரு வருட பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்கள். வேலை கொடுத்த மேஸ்திரியோ மரக்கடைக்காரரோ கோர்ட்டில் வந்து சொல்வாரா என்று இப்போதே பேசி வையுங்கள். எதுவுமே இல்லை என்றாலும் கோர்ட் ஒரு தொகையை உத்தேசமாக வைக்கும், ஆனால் கோர்ட்டின் உத்தேசம் தாராளமாக இருக்காது. வீட்டில் இருக்கும் பெண்களுக்கு அடிபட்டாலும், "சம்பாதிக்கவில்லை" என்று ஒதுக்க முடியாது, வீட்டு வேலைக்கும் உத்தேச வருமானம் உண்டு.

இது போக மற்ற இனங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, போக்குவரத்து, சத்துணவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, வலி வேதனை, வாழ்க்கையில் இழந்த வசதிகள். அண்ணி கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார் என்றாலும் துணையாள் செலவு கேட்கலாம், ஆள் வைத்திருந்தால்தான் என்று இல்லை. ஒன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: வைத்த பிளேட்டை ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து எடுக்க வேண்டியிருக்கலாம். அதற்கு எவ்வளவு ஆகும் என்று அறுவை செய்த டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி வைத்தால் எதிர்கால மருத்துவச் செலவாகக் கேட்கலாம்.

பில்களை அன்றன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் வழவழப்பான பில் இருக்கிறதே, அது வெயிலிலும் கவரிலும் கிடந்து ஆறு மாதத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். ஒரு அம்மா மஞ்சள் பை நிறைய பில் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார், பாதிக்கு மேல் எழுத்தே இல்லை. அவ்வளவும் அவர் நகை வைத்துக் கட்டிய பணம். எதைக் காட்டிக் கோர்ட்டில் ஆதாரமாக மார்க் பண்ணுவது?

சிகிச்சைச் செலவுக்கு: தமிழ்நாட்டின் நம்மைக் காக்கும் 48 திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு. உங்களுக்கு அது இல்லை. ஆனால் 2025 மே 5-ல் மத்திய அரசு அறிவித்த ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும், விபத்து நாளிலிருந்து ஏழு நாள், ஒன்றரை லட்சம் வரை, அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில். போலீஸ் உறுதி செய்வதும் அதில் ஒரு படி என்பதால் தள்ளிப்போடாமல் இன்றைக்கே ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

கெடு. 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதை எதிர்த்த வழக்கில், தாமதம் என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி உட்காராதீர்கள். குற்றப்பத்திரிகை வரட்டும், ஊனச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், அதெல்லாம் வழக்கு நடக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. விதி இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

விபத்து புதுச்சேரியில் என்பதால் புதுச்சேரி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், மஞ்சக்குப்பத்திலேயே முடியும். காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு?

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? ஹெல்மெட் போடவில்லை என்பார்கள். தலையில் அடி என்றால் கொஞ்சம் கழிக்க இடம் உண்டு, கால் முறிந்ததற்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? அண்ணனிடம் லைசென்ஸ் இல்லை என்பார்கள். பின்னாலிருந்து வந்து இடித்ததற்கு அது காரணமா? லைசென்ஸ் இல்லாதது மட்டுமே அவருடைய தப்பாகிவிடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்றாலும் அதே கதைதான், அதனால்தான் விபத்து நடந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும்.

காருக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பற்றியும் நிறையப் பேர் கேட்பார்கள். எதிரே வந்த வண்டி மேல் தப்பு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். நீங்கள் உட்கார்ந்து வந்த காரின் டிரைவர் மேலேயே தப்பு என்றால், அந்தக் காருக்கு எந்த பாலிசி என்பதுதான் கேள்வி. முழு பாலிசி என்றால் உள்ளே இருந்தவர்களுக்கும் கிடைக்கும், வெறும் தேர்டு பார்ட்டி என்றால் சொந்தக் காரில் சும்மா வந்தவர்களுக்குக் கம்பெனி தராது. தன் தப்பால் அடிபட்ட உரிமையாளருக்கு 166-ல் ஒன்றும் இல்லை, தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டும் அது. நண்பனின் காரை இரவல் வாங்கி ஓட்டியவரும் உரிமையாளர் கணக்கில்தான் வருவார். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் கலெக்டர் வழியாக வரும் அரசுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000, இறப்புக்கு இரண்டு லட்சம். உங்கள் கார்க்காரர் காட்டும் அதே ஐம்பதாயிரம்தான், ஆளே தெரியாதவனுக்கு உள்ள விலை.

வக்கீல் விஷயம். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் வந்து "செலவே வேண்டாம், வரதில் இத்தனை பர்சென்ட் கொடுங்க" என்பார். வரும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு. தெரிந்த வக்கீலிடம் கட்டணத்தைத் தொகையாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள், வெற்று வக்காலத்திலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்து வேண்டாம், நஷ்டஈடு அண்ணன் பேங்க் கணக்குக்கே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம்.

நடுவில் லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிடுவார்கள். போங்கள், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே முடித்தால் அப்பீல் கிடையாது. அதனால் மேலே போட்ட கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். அவசரத்துக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்தான், எதிலிருந்து குறைக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தீர்ப்பு வரை போனால் மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, நம்ம பக்கம் வழக்கமாக ஏழரை சதவீதம்.

கடைசியாக, தம்பி, ஏ.ஆர். காப்பிக்குக்கூட நாளை காலை போகலாம், இது இன்றைக்கே ஆக வேண்டும். கன்னியக்கோயிலில் அந்த இடத்துக்கு எதிரேயும் இரண்டு பக்கமும் கேமரா வைத்த கடை ஏதாவது இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கடைக் கேமராவில் பத்துப் பதினைந்து நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், உங்களுக்கு ஏற்கெனவே ஐந்து நாள் போய்விட்டது. கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், பென்டிரைவ் கொண்டுபோய்க் கேளுங்கள், தர மறுத்தால் கடைப் பெயரையும் கேமரா இருக்கும் இடத்தையும் புகாரில் எழுதி, போலீஸ் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது உங்கள் செல்போனையும் எடுத்துப் பாருங்கள், இடித்த அன்றைக்குக் கூட்டத்தில் யாரோ உங்களுக்குப் போன் செய்திருப்பார்கள். அவர் தன் போனிலிருந்து பேசியிருந்தால் அந்த நம்பர் உங்கள் போனில் இருக்கும். அவர்தான் உங்கள் கண்கண்ட சாட்சி, அவர் பெயரை இதுவரை யாராவது கேட்டீர்களா?